சங்கத் தலைவர் காற்றாலைக் கம்பெனிக்குப் போனால்: எந்த நாற்காலி, எந்த மாதம்?

கரிச்சான்:

ஆஸ்திரேலியாவில் தொழிற்சங்க மேல்மட்டத்திலிருந்து பசுமை மின்சாரத்தின் பக்கம் போனவர்கள் என்றால் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்.

கேரி வீவன், ஆஸ்திரேலியத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான ஏ.சி.டி.யூ.வில் உதவிச் செயலாளராக இருந்தவர். பிறகு தொழிலாளர் ஓய்வூதிய நிதிகளுக்குச் சொந்தமான ஐ.எஃப்.எம். முதலீட்டு நிறுவனத்திலும், அது வாங்கிய பசிபிக் ஹைட்ரோ என்ற காற்றாலை, நீர்மின் கம்பெனியிலும் தலைவராக உட்கார்ந்தார். கிரெக் கோம்பே 2000 முதல் 2007 வரை ஏ.சி.டி.யூ. செயலாளர். படித்தது சுரங்கப் பொறியியல். பருவநிலை அமைச்சராகி, 2012 ஜூலையில், வெளியிடும் கார்பனுக்கு டன்னுக்கு 23 டாலர் என்ற கார்பன் விலையைக் கொண்டுவந்தார். பிறகு ஐ.எஃப்.எம். தலைவர், 2023-ல் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்கும் மாற்றத்தைக் கவனிக்கும் நெட் ஸீரோ பொருளாதார முகமையின் தலைவர், 2024-ல் ஃபியூச்சர் ஃபண்ட் என்ற அரசு முதலீட்டு நிதியின் தலைவர். மூன்றாமவர் இயன் ராஸ். இவரும் ஏ.சி.டி.யூ. ஆள்தான். தொழில் தகராறுகளைத் தீர்க்கும் நியாய வேலை ஆணையத்துக்குப் பத்தாண்டு தலைமை தாங்கிவிட்டு, இப்போது அந்த முகமையின் இடத்தில் வந்த நெட் ஸீரோ பொருளாதார ஆணையத்தின் தலைவர்.

என் கேள்வி இவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்பதில்லை, அதை வேறு இழையில் அடித்துக்கொள்ளலாம். இந்த நாற்காலிகளில் எதில் உட்கார்ந்தால் அனல்மின் நிலையத்தில் வேலை போகிறவனுக்கு ஏதாவது கிடைக்கிறது? நாளைக்கு ஒரு மின்நிலையச் சங்கச் செயலாளரைக் காற்றாலைக் கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டால், அவர் கையெழுத்துப் போடுமுன் எதைப் பார்க்க வேண்டும்?

லட்ரோப் வாசி:

அமைச்சர் நாற்காலியில இருந்து தொடங்குவம். கார்பன் விலை வரேக்க அதோட சேர்ந்து இன்னொரு திட்டமும் வந்தது. அழுக்குக் கூடின நிலக்கரி நிலையங்களில 2,000 மெகாவாட் அளவை 2020-க்குள்ள மூட, முதலாளிமாருக்குக் காசு குடுத்து ஒப்பந்தம் எழுதுறது. விக்டோரியா மாநிலத்தில எங்கட லட்ரோப் பள்ளத்தாக்கில இருந்த ஹேசல்வுட் நிலையமும் அந்தப் பட்டியலில இருந்தது. விலை படியேல்லை. 2012 செப்டம்பரில பேச்சைக் கைவிட்டிட்டினம். 2014-ல கார்பன் விலையையே ரத்துச் செய்திட்டினம்.

அதுக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு பாருங்கோ. 2016 நவம்பரில ஹேசல்வுட்டை மூடப்போறம் எண்டு கம்பெனி அறிவிச்சுது, 2017 மார்ச்சில மூடிப்போட்டினம். 1,600 மெகாவாட், எட்டு அலகு, ஒப்பந்தக்காரரையும் சேர்த்து ஏறத்தாழ 750 பேர். எல்லாத்துக்கும் அஞ்சு மாச அவகாசம்.

2012-ல படியாத ஒப்பந்தம் படிஞ்சிருந்தால் எல்லாருக்கும் வேலை கிடைச்சிருக்கும் எண்டு நான் சொல்லேல்லை. ஆனால் மூடுற திகதி எழுத்தில இருந்திருக்கும். திகதி இருந்தால்தான் பயிற்சி, இடமாற்றம், முன்கூட்டிய ஓய்வு எல்லாத்தையும் அடுக்கலாம். நியூ சவுத் வேல்ஸில லிடெல் நிலையத்தை மூடுறம் எண்டு 2015-லயே சொல்லிப்போட்டு 2023 ஏப்ரலில மூடிச்சினம். அதே கம்பெனியின்ர பேஸ்வாட்டர் நிலையம் பக்கத்திலயே இருந்ததால ஆக்களை அங்க மாத்த ஏலுமாயிருந்தது. இஞ்ச, ஹேசல்வுட் இருந்த மோர்வெல்லில அந்த வசதி இல்லை. பக்கத்து நிலையங்களில வயசானவைக்கு ஓய்வுத்தொகை குடுத்து, அந்த இடத்துக்கு ஹேசல்வுட் ஆக்களை எடுக்கிற திட்டம் ஒண்டை மாநில அரசு போட்டது. 150 பேர் எண்டு இலக்கு வைச்சவை, எட்டேல்லை. கம்பெனி வேற, சம்பளப் படிநிலை வேற, சேவைக்கால மூப்பு ஆரின்ர கணக்கில எழுதுறது எண்டதிலயே கன நாள் போச்சுது.

திருகுவிசை:

கொள்கைப் பேச்சுக்கு நடுவில் ஒரு கணக்கு. 1,600 மெகாவாட் அனல் நிலையத்தில் நிரந்தர வேலை நூற்றுக்கணக்கில். காற்றாலையில் கட்டுமானம் முடிந்ததும் மிஞ்சுவது பராமரிப்பு டெக்னீஷியன்கள். தோராயமாக 5 முதல் 10 காற்றாலைக்கு ஒருவர். 100 காற்றாலை உள்ள பண்ணை என்றால் டெக்னீஷியன், மேற்பார்வை, கிடங்கு எல்லாம் சேர்த்து இருபது பேருக்குக் கொஞ்சம் முன்னேபின்னே. மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பெரிய மின்கலம் இன்னும் மோசம். ஹேசல்வுட் இருந்த இடத்தில் 2023-ல் 150 மெகாவாட் மின்கலம் வந்தது, அங்கே தினமும் ஆள் நிற்க வேண்டிய வேலையே கிடையாது.

அடுத்து, யாருக்கு எது பொருந்தும்:

உயர் அழுத்த எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், இன்ஸ்ட்ருமென்ட் ஆள், ரிக்கர் (கனமான பாகங்களைக் கட்டித் தூக்குகிறவர்): இவர்கள் நேராக வரலாம். காற்றாலைக்குள் ஜெனரேட்டர் 690 வோல்ட் அல்லது அதையொட்டி, டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி 33 கிலோவோல்ட்டில் துணைமின் நிலையத்துக்குப் போகிறது. பூட்டு போட்டு, டேக் மாட்டி, மின்சாரம் இல்லையென்று சோதித்து, எர்த் பண்ணிவிட்டுத் தொடும் பழக்கம் அனல் நிலையத்தில் ஊறியது. அது இங்கே தங்கம். ஆனால் மின்சாரத்தை நிறுத்தி இணைக்கும் சுவிட்சிங் அனுமதி இடத்துக்கு இடம் தனி. பழைய நிலையத்தின் அனுமதிச் சீட்டு இங்கே செல்லாது.

கொதிகலன் ஆபரேட்டர், நிலக்கரி கையாளும் ஆள், சாம்பல் பிரிவு: இவர்களுக்கு நேரான இடம் இல்லை. கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டருக்கு ஒத்த வேலை உண்டு, ஆனால் அது பெருநகரத்தில் உள்ள தொலைக் கண்காணிப்பு மையத்தில் இருக்கும், பண்ணையில் இருக்காது.

பயிற்சி: உலகக் காற்றாலை அமைப்பான ஜி.டபிள்யூ.ஓ.வின் அடிப்படைப் பாதுகாப்பு. முதலுதவி, சுமை தூக்குதல், தீ, உயரத்தில் வேலை, கடல் காற்றாலை என்றால் கடலில் உயிர்காத்தல். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தனியாக அடிப்படைத் தொழில்நுட்பப் பயிற்சி உண்டு: இயந்திரம், மின், ஹைட்ராலிக். சில நாள்தான் ஆகும். சிக்கல் பயிற்சியில் இல்லை. கம்பெனிகள் கேட்பது சான்றிதழ் செல்லுபடியாகும் ஆளை. நிலையம் மூடுவதற்கு மூன்று வருடம் முன்னே பயிற்சி கொடுத்தால் வேலை வரும்போது சான்றிதழ் காலாவதி. மூடிய பிறகு கொடுத்தால் அதற்குள் ஆள் ஊரைவிட்டே போயிருப்பான்.

இதைத் தெரிந்து தேதி போடுகிறவர் வேண்டும். பயிற்சிப் பிரிவில் கேட்டால் "இத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தோம்" என்று ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு முடித்துக்கொள்வார்கள்.

சட்டப்புள்ளி:

கரிச்சான் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கூப்பிடும் கம்பெனி யார் என்று முதலில் பார்க்க வேண்டும். காற்றாலைப் பண்ணை ஒன்றில் "கம்பெனி" என்பது ஐந்தாறு அடுக்கு.

மேலே திட்ட நிறுவனம். கடன் வாங்குவதற்காகப் பதிவு செய்தது, ஊழியர் என்று அநேகமாக யாரும் இருக்கமாட்டார்கள். அதன் கீழே சாலை, அஸ்திவாரம், கேபிள் போடும் ஒப்பந்ததாரர். பக்கத்தில் காற்றாலை செய்து நிறுத்தும் நிறுவனம், அதுவே பல ஆண்டுப் பராமரிப்பையும் எடுத்துக்கொள்ளும். அவர்களுக்குக் கீழே கிரேன் கம்பெனி, கேபிள் முனை கட்டுகிறவர்கள், ஆள் அனுப்பும் ஏஜென்சி. பெரும்பாலான தொழிலாளிகள் இந்தக் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள்.

திட்ட நிறுவனத்தில் "தொழிலாளர் உறவு இயக்குநர்" என்ற பதவியில் போய் உட்கார்ந்தால் உங்களுக்கு நேரடி ஊழியரே கிடையாது. உங்கள் கையில் இருப்பது ஒரே கருவி, ஒப்பந்தங்கள். அதுவும் கடன் கையெழுத்தாகும் நாள்வரைதான். அன்றைக்குக் கட்டுமான ஒப்பந்தம், பராமரிப்பு ஒப்பந்தம், விலை எல்லாம் பூட்டப்பட்டுவிடும். பிறகு "உள்ளூர்ப் பயிற்சியாளர் பத்துப் பேர் எடுங்கள்" என்றால் ஒப்பந்ததாரர் கூடுதல் தொகைக்குக் கடிதம் அனுப்புவார், வங்கியின் பொறியாளர் மறுப்பார், கதை முடிந்தது.

ஆகவே அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம் அல்ல. "கடன் கையெழுத்துக்கு எத்தனை மாதம் இருக்கிறது?" ஒரு வருடத்துக்கு மேல் என்றால் அது வேலை. இரண்டு மாதம் என்றால் அவரை எடுப்பது புகைப்படத்துக்கு.

இன்னொரு காரணமும் உண்டு. நியாய வேலைச் சட்டத்தில் புதுத் திட்டத்துக்கான கூட்டு ஒப்பந்தம் என்று ஒரு வகை இருக்கிறது. அந்த வேலைக்கு ஒரு ஆளையும் எடுக்கும் முன்னே, வேலையளிப்பவரும் சங்கமும் போடுவது. வேலையளிப்பவர் எழுத்தில் அறிவித்தால் ஆறு மாதப் பேச்சுக்காலம் தொடங்கும். அதற்குள் முடியாவிட்டால் அவர் தன்னுடைய வரைவை நேராக நியாய வேலை ஆணையத்திடம் கொண்டுபோகலாம், அது துறையில் நிலவும் ஊதியத்துக்கு ஒத்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் ஆயுள் அதிகபட்சம் நான்கு ஆண்டு, அதாவது கட்டுமானம் முழுக்க அடங்கிவிடும். சங்கத்திலிருந்து போனவருக்கு இந்த ஆறு மாதக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பது மனப்பாடமாக இருக்கும். கம்பெனிகள் அவருக்குக் காசு கொடுப்பதும் அதற்காகத்தான், அதையும் மறைக்க வேண்டாம்.

வாடைக்காற்று:

ஆக, சங்கத்தின் கடிகாரத்தைக் கம்பெனிக்கு விற்கிறார் என்று சொல்லுங்களேன்.

சட்டப்புள்ளி:

சில சமயம் அப்படித்தான். அதனால்தான் நிபந்தனைகள் வேண்டும். தான் பொறுப்பிலிருந்த சங்கத்தோடு நடக்கும் பேச்சில் ஒரு குறிப்பிட்ட காலம் மேசைக்கு வரமாட்டேன் என்று நியமனக் கடிதத்திலேயே எழுதிக்கொள்ளலாம். உறுப்பினர் பட்டியல், வேலைநிறுத்த நிதி, பேச்சுக்கான கீழ்வரம்பு, இவையெல்லாம் சங்கத்தின் ரகசியம். எடுத்துப் போனால் வழக்கு வரும். சங்கப் பதவியை விடும் நாளும் புது வேலையில் சேரும் நாளும் ஒன்றாக இருந்தால், அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அவர் போட்ட ஒவ்வொரு கையெழுத்தையும் உறுப்பினர்கள் சந்தேகிப்பார்கள். சந்தேகிப்பதும் நியாயம்.

வாடைக்காற்று:

முதலீட்டாளர் நாற்காலியைப் பற்றி யாரும் பேசவில்லை. தொழிலாளர் பணம், தொழிலாளர் பிரதிநிதி, ஆகவே தொழிலாளருக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஓய்வூதிய நிதியின் அறங்காவலர் உறுப்பினரின் நலனுக்குக் கட்டுப்பட்டவர் என்று இருந்த சட்டத்தை 2021-ல் நிதிநலன் என்று இறுக்கிவிட்டார்கள். சங்கம் நியமித்த இயக்குநரே ஆனாலும், "மோர்வெல்லில் இருபது வேலை கூடுதலாக வரும், வருமானம் கொஞ்சம் குறையும்" என்ற முடிவுக்குக் கை தூக்கினால் அவர் தனிப்பட்ட முறையில் பதில் சொல்ல வேண்டும். அதே நிதியில் செவிலியரின் பணமும் கடை ஊழியரின் பணமும் இருக்கிறதே.

பசிபிக் ஹைட்ரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். விக்டோரியாவின் முதல் வணிகக் காற்றாலைப் பண்ணையான காட்ரிங்டன் அவர்களுடையது. 2001, 14 காற்றாலை, 18.2 மெகாவாட். ஐ.எஃப்.எம். 2005-ல் கம்பெனியை வாங்கியது. பத்தாண்டு கழித்துச் சீன அரசுக் கம்பெனிக்கு விற்றது. நல்ல விலைக்கு விற்பது நிதியின் கடமை. ஆனால் சங்கத்திலிருந்து வந்தவர் தலைவராக இருந்தார் என்பதால் அங்கே ஊழியருக்குக் கிடைத்த எந்த வாய்வழி உறுதியும் விற்பனையோடு போய்விடும். ஒப்பந்தத்தில் எழுதியது மட்டும்தான் புது முதலாளியோடு கூட வரும்.

தொழிலாளிகளே தயாரிப்பைத் தீர்மானித்த முயற்சி பார்க்க வேண்டுமென்றால் இங்கிலாந்துக்குப் போக வேண்டும். 1976-ல் லூகாஸ் ஏரோஸ்பேஸ் சங்கப் பிரதிநிதிகள் ஆட்குறைப்புக்கு மாற்றாக 150 பொருள்கள் கொண்ட திட்டம் போட்டார்கள். வெப்ப பம்பு, காற்றாலை எல்லாம் அதில் இருந்தது. நிர்வாகம் தொடவில்லை. அதில் முன்னின்ற மைக் கூலியை 1981-ல் வேலையைவிட்டு நீக்கினார்கள். அவர் பிறகு லண்டன் மாநகராட்சியின் தொழில் வாரியத்தில் தொழில்நுட்ப இயக்குநரானார். அதுவும் ஒருவகையில் இந்த இழைக்குரிய கதைதான்.

திருகுவிசை:

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது என்ன என்று யாரும் சொல்லவில்லையே. சங்கத்திலிருந்து வந்தவருக்குத் தெரிந்தும், காற்றாலை தெரியாததால் தவறவிடும் மூன்று இடங்கள்:

ஒன்று, காற்றுக்காகக் காத்திருப்பது. இறக்கையை மாட்டும் கிரேன் நொடிக்கு 9 முதல் 12 மீட்டர் காற்றுக்கு மேல் வேலை செய்யாது. இடமே காற்றுக்காகத் தேர்ந்தெடுத்தது, ஆகவே நாள்கணக்கில் நிற்கும். நிற்கும் நேரத்துக்குக் கூலி யார் தருவது? கட்டுமான ஊதிய விதியில் மோசமான வானிலைக்கு நான்கு வாரத்தில் 32 மணிநேரம்வரை கூலி உண்டு. அதைத் தாண்டினால்? நியாய வேலைச் சட்டத்தின் 524-ஆம் பிரிவைக் காட்டிக் கூலியில்லாமல் நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். கூட்டு ஒப்பந்தத்தில் தனி விதி இருந்தால் அதுதான் செல்லும். அந்த விதியில் காற்றை எந்த உயரத்தில் அளப்பது என்றும் எழுத வேண்டும். தரையில் காற்று நொடிக்கு 6 மீட்டர், கிரேன் நுனியில் நொடிக்கு 12 மீட்டர் என்பது சாதாரணம். தரை அளவை வைத்து "வேலை செய்யலாமே" என்று தகராறு வரும்.

இரண்டு, கான்கிரீட். ஒரு அஸ்திவாரத்துக்கு 400 முதல் 800 கன மீட்டர். நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும், நடுவில் நின்றால் பலவீனமான மூட்டு விழும். வெயில் ஏறுமுன் முடிக்க விடியற்காலை 3 மணிக்கே தொடங்குவார்கள். சாதாரண வேலைநேரம் 6 அல்லது 7 மணியிலிருந்து என்று ஒப்பந்தம் சொன்னால் முன்னிரண்டு மூன்று மணிநேரம் கூடுதல் நேரக் கணக்கு. ஒப்பந்ததாரரின் விலையில் அது இல்லையென்றால் முதல் வாரமே சண்டை. கூடவே, 14 மணிநேரம் ஊற்றிவிட்டு மறுநாள் 100 கி.மீ. ஓட்டி வருகிறவனின் களைப்பு. இடையில் 10 மணிநேர ஓய்வு கட்டாயம் என்று எழுத வேண்டும்.

மூன்று, போல்ட். கோபுரத் துண்டுகளை இணைக்கும் போல்ட்களைக் காற்றாலை ஓடத் தொடங்கிச் சில நூறு மணிநேரம் கழித்து மறுபடி இறுக்க வேண்டும். கட்டுமானக் குழு போயிருக்கும், பராமரிப்புக் குழு முழுதாக வந்திருக்காது. இந்த இடைவெளிக்கு ஏஜென்சி ஆட்களைக் கொண்டுவருவார்கள். உள்ளூர் ஆளை நிரந்தரத்துக்குள் நுழைக்கச் சரியான வாசல் இதுதான். கட்டுமானத்தின் கடைசி ஆறு மாதத்திலேயே பராமரிப்பு டெக்னீஷியன்களை எடுத்துக் கூட நிற்க வைக்க வேண்டும் என்று பராமரிப்பு ஒப்பந்தத்தில் போட்டால் போதும். செலவு சொற்பம். ஆனால் கையெழுத்துக்கு முன் போட வேண்டும், சட்டப்புள்ளி சொன்ன அதே தேதி.

நெய்வேலிக்காரன்:

எல்லாம் சரிங்க, இங்க நம்ம ஊருக்கு இது எவ்வளவு ஒத்துவரும்? நெய்வேலி நிலக்கரிக் கம்பெனி என்.எல்.சி. 2019 வாக்குலயே சூரிய மின்சாரத்துல 1,000 மெகாவாட்டைத் தாண்டிடுச்சு. அனல், சூரியம் ரெண்டும் ஒரே முதலாளி. அப்ப லிடெல் மாதிரி ஆளை மாத்தறது சுலபம்னு தோணும். ஆனா சூரியப் பலகை நிக்கிறது விருதுநகர், திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கம். பராமரிப்பு டெண்டர்ல போகுது. பலகை கழுவுறது, புல் வெட்டுறது, காவல், இதெல்லாம் அந்தந்த ஊர் ஆளுங்க, நாள்கூலி. நெய்வேலி சுரங்கத்துல ஒப்பந்தத் தொழிலாளியா இருக்கறவர் குடும்பத்தோட அங்க போகவும் மாட்டார், போனாலும் சம்பளம் பாதி.

ஒரே முதலாளிங்கறது இங்க ஒரு பிடி மட்டும் தருது. டெண்டர் விதிய எழுதறது அதே நிர்வாகம். குறைந்தபட்சக் கூலிக்கு மேல, வைப்புநிதி ரசீதைக் காட்டினாத்தான் பில் பாஸாகும்னு டெண்டர்லயே எழுதலாம். ஒப்பந்ததாரர் மாறினாலும் ஆள் மாறக்கூடாதுன்னும் எழுதலாம். சங்கத்துலேர்ந்து ஒருத்தர் புதுப்பிக்கத்தக்க பிரிவுக்குப் போறார்னா இந்த டெண்டர் குழுவுலதான் உக்காரணும். "நலவாழ்வு அதிகாரி"ன்னு ஒரு பலகையைக் கொடுத்து ஓரமா உக்கார வெச்சா ஒண்ணும் ஆகாது.

லட்ரோப் வாசி:

நெய்வேலி அண்ணை சொன்ன தூரக் கணக்கு இஞ்சயும் இருக்கு. கடல் காற்றாலைக்கு எங்கட பக்கத்து கிப்ஸ்லாந்துக் கடற்பகுதியை 2022 டிசம்பரில அறிவிச்சவை. ஸ்டார் ஆஃப் த சவுத் எண்ட திட்டம் மட்டும் 2.2 கிகாவாட். பள்ளத்தாக்கில இருந்து கரை கிட்ட, மின்கம்பிப் பாதையும் ஏற்கனவே இருக்கு. ஆனால் பாகங்களைச் சேர்க்கிற துறைமுகம் எங்க எண்டதுதான் சிக்கல். ஹேஸ்டிங்ஸில மாநில அரசு கேட்ட முனையத்தை ஈரநிலப் பாதுகாப்பைக் காட்டி 2023 கடைசியில மத்திய அமைச்சர் மறுத்திட்டார். பள்ளத்தாக்கின்ர யல்லோர்ன் அனல் நிலையம் 2028 நடுவில மூடுது. காற்றாலை அதுக்குள்ள வராது. இடையில இருக்கிற வருசங்களை ஆர் நிரப்புறது?

அதுக்குத்தான் நெட் ஸீரோ ஆணையம் எண்டு சொல்லுகினம். 2024 டிசம்பரில தொடங்கினது. அதின்ர எரிசக்தித் துறை வேலைத் திட்டம் இப்பிடி ஓடும்: நிலையம் மூடப்போகுது எண்டு அறிவிச்சால், ஆணையத்தின்ர தலைமை அதிகாரி நியாய வேலை ஆணையத்திட்ட விண்ணப்பிக்கலாம். எந்தெந்த வேலையளிப்பவர், அந்த நிலையத்தை நம்பியிருக்கிற சுரங்கம், ஒப்பந்தக்காரர் உட்பட, உள்ள வருகினம் எண்டு நியாய வேலை ஆணையம் தீர்மானிக்கும். உள்ள வந்தவை தொழிலாளியளுக்குப் பயிற்சிக்கும் வேலை தேடுறதுக்கும் நேரம் குடுக்க வேணும். இது கட்டாயம். ஆனால் அந்த ஆக்களை எடுக்கிற பக்கம், காற்றாலைக் கம்பெனி உட்பட, விருப்பம் இருந்தால் சேரலாம் எண்டுதான் இருக்கு. விடுறவனுக்குச் சட்டம், எடுக்கிறவனுக்கு வேண்டுகோள்.

காற்றாலைக் கம்பெனிக்குள்ள சங்கத்தில இருந்து போனவர் ஒருத்தர் இருந்தால் பிரயோசனப்படுற இடம் இதுதான் எண்டு நினைக்கிறன். அந்த விருப்பச் சேர்க்கையை ஒப்பந்த வாசகமா மாத்துறது. டெக்னீஷியன் வேலையில இத்தனை இடம் மூடுற நிலையத்து ஆக்களுக்கு, பழைய சேவைக்காலத்தில நீண்டசேவை விடுப்புக்கு இவ்வளவு கணக்கு, எடுக்கிற அண்டு சான்றிதழ் இல்லாட்டி கம்பெனியே பயிற்சி குடுக்கும்.

கரிச்சான்:

எந்தச் சங்கத்துக்கு அந்த வேலை? அனல் நிலைய ஆபரேட்டர்கள் சுரங்க எரிசக்திச் சங்கத்தில். காற்றாலையில் எலக்ட்ரீஷியன் ஒரு சங்கம், ஃபிட்டர் இன்னொன்று, கிரேன் வேறு.

லட்ரோப் வாசி:

அதுதான் தலையிடி. சுரங்க எரிசக்திச் சங்கம் 2023 டிசம்பரில கட்டுமானச் சங்கத்திட்ட இருந்து பிரிஞ்சு தனியா நிக்குது. புதுத் திட்ட ஒப்பந்தம் போட, அங்க வேலை செய்யப்போற பெரும்பான்மையைப் பிரதிநிதிக்கிற உரிமை கையெழுத்துப் போடுற சங்கத்துக்கு வேணும். காற்றாலைப் பராமரிப்பில அது பெரும்பாலும் எலக்ட்ரீசியன்மாரின்ர சங்கம், இல்லாட்டி உற்பத்தித் தொழிலாளர் சங்கம். நிலையத்துச் சங்கச் செயலாளர் கம்பெனிக்குப் போய்த் தன்ர பழைய உறுப்பினரை எடுக்க வைச்சால், அந்த உறுப்பினர் வேற சங்கத்துக்குப் போக வேண்டி வரும். பழைய சங்கம் அவரைத் துரோகி எண்டும், புதுச் சங்கம் ஆள் கடத்துறார் எண்டும் சொல்லும்.

சட்டப்புள்ளி:

இரண்டு சங்கமும் சேர்ந்து கையெழுத்திடத் தடையில்லை. ஒரே ஒப்பந்தத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் வரலாம். ஆறு மாதக் கடிகாரம் தொடங்கும் அறிவிப்பை எல்லாச் சங்கத்துக்கும் கொடுக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் பிறகு நியாய வேலை ஆணையத்தில் தொங்கும். எனவே அறிவிப்புக்கு முன்பே சங்கங்களை ஒரு மேசையில் உட்காரவைத்து யார் யாரைப் பிரதிநிதிக்கிறார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

திருகுவிசை:

எழுதி வாங்கும்போது ஹைட்ராலிக் வேலையை மறந்துவிடாதீர்கள். இறக்கையைத் திருப்பும் அமைப்பு சில மாடலில் ஹைட்ராலிக், சிலதில் மின்மோட்டார். மாடல் தெரியாமல் அதை ஃபிட்டருக்கு என்று எழுதிவிட்டு, வந்து இறங்கியது மோட்டார் வகை என்றால் எலக்ட்ரீஷியன் சங்கம் அன்றைக்கே கொடி தூக்கும். காற்றாலை மாடல் முடிவான பிறகு அந்தப் பத்தியை எழுதுங்கள்.